கன்னியம்மாளின் பதினெட்டு மூட்டை

கருங்கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி, எங்கள் வங்கிப் பூட்டை இடித்துக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள்.

ஆவணி மாதம். முந்தின நாள் நல்ல மழை. உத்திரமேரூர்க் கடைத்தெரு முழுக்கச் சேறு. நான் காஞ்சிபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். ஜபார் பாயின் நெல் குடோன் வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடி வேடிக்கை பார்த்தார்கள். ணங், ணங் என்று சத்தம்.

ஓடினேன்.

“இன்னாம்மா பண்றே? பேங்க் பூட்டு அது! ஜெயிலுக்குப் போவணுமா?”

திரும்பிப் பார்த்தாள். கை விரலில் ரத்தம். கல்லைக் கீழே போடவில்லை.

“போறேன் சார். எந்த ஜெயிலுக்கு வேணா போறேன். மொதல்ல என் நெல்ல எடுத்துக் குடு. நாத்தங்காலு ஓட்டி நாலு நாளாவுது. வெதை உள்ள கீது, நான் வெளில நின்னுக்கினு கீறேன். இன்னா நாயம் இது?”

பூட்டு வங்கியுடையது. சாவி என் பாக்கெட்டில். உள்ளே அட்டி அட்டியாக அடுக்கியிருந்த நெல்லில் பதினெட்டு மூட்டை அவளுடையது. அதை எடுத்தால்தான் அவளால் அந்த வருஷம் சம்பாப் பயிர் வைக்க முடியும். என்னால் எடுத்துக் கொடுக்க முடியாது.

ஏன் முடியாது என்பதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரம் இந்தப் பகுதியில் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி, “எல்லாரையும் கிண்டல் பண்றீங்க, உங்களைப் பத்தி மட்டும் பூசி மெழுகிடறீங்க” என்றாள். சரி, இந்த வாரம் மெழுகவில்லை.

காலில் சக்கரம்

அந்தக் கிளையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். கிராமத்துப் பக்கமெல்லாம் வங்கிகள் வேகவேகமாகக் கிளை திறந்துகொண்டிருந்த காலம்.

ஒரே இடத்தில் உட்காரச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊறும். கவுண்டரில் உட்கார வைத்தார்கள். பேனா மூடிகளைக் கடித்தே தீர்த்தேன். வரிசையில் நிற்கிறவர் ஒரு கையெழுத்துப் போட இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வரும். அவர் ஜென்மத்தில் முதல் தடவையாக பேனா பிடிக்கிறார் என்பது எனக்கு உறைக்காது.

ஏஜெண்ட் மூன்றே மாதத்தில் அலுத்துப்போனார். கிளை மேலாளரை அப்போது ஏஜெண்ட் என்றுதான் சொல்வோம். தங்கமான மனுஷர். பயந்த சுபாவம். மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுவார்.

“என்னய்யா வேலாயுதம், கால்ல சக்கரமா? போ, போய் குடோன் எல்லாம் பாரு. ஊர் சுத்தின மாதிரியும் இருக்கும், என் கண்ணுலயும் படமாட்ட” என்றார்.

இப்படித்தான் நான் ‘குடோன் சார்’ ஆனேன். ஆறு மாதம் சோதனைக்கு. ஒழுங்காகப் பார்த்தால் பதவி நிரந்தரம், படியும் உண்டு. பெரிய வளையத்தில் சாவிக்கொத்து. அதை விரலில் சுற்றிக்கொண்டே கடைத்தெருவில் நடப்பேன். டீக்கடைக்காரர் எனக்கு மட்டும் கண்ணாடி டம்ளரைச் சுடுதண்ணீரில் கழுவித் தருவார். தலைகால் புரியவில்லை எனக்கு.

பம்பாயில் முடிவு செய்வார்கள்

இந்தக் குடோன் கடன் விவகாரம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி.

மண்டிக்காரர் நெல்லை வாங்கிக் குடோனில் போடுவார். வங்கி அதற்குத் தன் பூட்டைப் போட்டுவிட்டுக் கடன் கொடுக்கும். நூறு ரூபாய் நெல் உள்ளே இருந்தால் எழுபது ரூபாய் கடன். மீதி முப்பது மண்டிக்காரரின் கைப்பணம். அந்த முப்பதுக்குப் பெயர் மார்ஜின். அவர் பணத்தைக் கட்டக் கட்ட, நாங்கள் அதற்கேற்ற மூட்டைகளை வெளியே விடுவோம்.

முப்பதா நாற்பதா என்பது எங்கள் கையில் இல்லை, மேலிடத்தின் கையில். பம்பாயில் முடிவு செய்வார்கள். மழை பொய்த்தால் ஒரு சர்க்குலர். பட்டணத்தில் அரிசி விலை ஏறினால் ஒரு சர்க்குலர். வியாபாரிகள் பதுக்குகிறார்கள் என்று பேப்பரில் வந்தால் இன்னொன்று. முப்பது நாற்பதாகும், நாற்பது அறுபதாகும். விளைச்சல் கொழித்தால் சரசரவென்று இறங்கும். அரவை மில்லுக்கு ஒரு கணக்கு, மண்டிக்கு ஒரு கணக்கு. போன வருஷம் இதே மாதம் எவ்வளவு கொடுத்தாயோ அதற்கு மேல் ஒரு காசு கொடுக்காதே என்று தனியாக ஒரு கட்டளை.

நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். வங்கிப் பணத்தை வாங்கி நெல்லை முடக்கி வைத்துவிட்டு, விலை ஏறும்வரை காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். ரேஷன் கடை வரிசையில் என் அம்மாவும் நின்றிருக்கிறாள். அவளுக்காகவும்தான் அந்தச் சர்க்குலர்.

ஆனால் சர்க்குலருக்கு பாயையும் தெரியாது, பதுக்கல்காரனையும் தெரியாது. நெல் என்றால் நெல். அவ்வளவுதான்.

கோந்தும் ஒட்டுச் சீட்டும்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேலிடத்திலிருந்து ஒரு சின்னத் தாள் வரும். ஒட்டுச் சீட்டு. எங்கள் விதிப் புத்தகத்தில், பழைய வரியின் மேல் கோந்து தடவி அதை ஒட்ட வேண்டும். அதுவும் என் தலையில் விழுந்தது.

சர்க்கரைக்கு ஒரு பக்கம், பருத்திக்கு ஒரு பக்கம், எண்ணெய் வித்துக்கு ஒரு பக்கம். நெல்லின் பக்கம் மட்டும் சீட்டுக்கு மேல் சீட்டு ஏறி, அடை மாதிரி தடித்துவிட்டது. புத்தகத்தை மூடினால் மூடாது. மேலே ஒரு படிக்கல்லை வைப்பேன். கோந்து நாற்றத்துக்கு எறும்பு வரும், கரப்பான் வரும்.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் நகத்தால் அந்தப் பக்கத்தைப் பிய்த்துப் பார்த்தேன். அறுபது. அதன் கீழே நாற்பது. அதன் கீழே ஐம்பது. அதன் கீழே மறுபடியும் நாற்பது. கடைசியில் அச்சடித்த எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை, கோந்தோடு வந்துவிட்டது. ஏஜெண்ட் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னும் பத்து வருஷம் கழிச்சு எவனாவது இதைப் படிச்சா, பைத்தியம் புடிச்சவனுங்க நடத்தின பேங்க்னு நினைப்பான்” என்றார்.

பத்து வருஷம் கழித்து நடந்தது வேறு. எண்பதுகளில் நான் அதே ஊருக்கு அதிகாரியாகத் திரும்பி வந்தேன். காற்று நேர் எதிராக அடித்துக்கொண்டிருந்தது. பந்தல் போட்டு, மைக் கட்டி, கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்தோம். கறவை மாட்டுக்கு, தையல் மிஷினுக்கு, பெட்டிக்கடைக்கு. இந்த மாதத்துக்குள் இத்தனை பேருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று எங்கள் கழுத்தில் கத்தி. ஜபார் பாய் பந்தல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது.

“அப்போ கேட்டா குடுக்கமாட்டேன்னு பூட்டுனீங்க. இப்போ வாங்கலன்னா கோச்சிக்கினு போறீங்க. இன்னா சார் உங்க பேஜாரு?” என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். பாய் முதலில் நிறுத்திக்கொண்டார்.

பாயின் குடோன்

பாயைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, ஈரம் எவ்வளவு, அரைத்தால் குருணை எவ்வளவு போகும் என்று சொல்லிவிடுவார். எடை போடும்போது குடியானவரைத் தராசு முன்னால் நிற்க வைத்துத்தான் போடுவார். அந்த ஒன்றுக்காகவே காவாந்தண்டலத்திலிருந்தும் திருப்புலிவனத்திலிருந்தும் வண்டிகள் அவர் மண்டிக்கு வரும்.

முதன்முதலில் நாங்கள் பூட்டுப் போட்டு, வங்கிப் பெயர்ப் பலகையைக் குடோன் கதவில் அடித்தபோது அவருக்கு மகா அவமானம். “ஊருக்கே அடமானம் வெச்சிட்டேன்னு தமுக்கு அடிச்ச மாதிரி கீது சார்” என்று புலம்பினார். பலகையின் மேல் சாக்குப் படுதா ஒன்றைத் தொங்கவிட்டார். நான் போய் விலக்கிவிடுவேன். அவர் மறுபடி தொங்கவிடுவார்.

இரண்டு மூன்று மாதத்தில் கதை மாறியது. பாய் மண்டிக்கு பேங்கே காவல் என்று ஊரில் பேச்சு. குடியானவர்கள் பலகையைத் தொட்டுப் பார்த்தார்கள். படுதாவை பாயே கழற்றிவிட்டார். கதவுக்கு நீல பெயிண்ட் வேறு அடித்தார்.

புடவைக் கரை

அந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கூரை வீட்டில் மூட்டையை வைத்தால் எலியும் ஒழுகலும் பாடாய்ப் படுத்தும். அதனால் அறுப்பு முடிந்ததும் நெல்லை விற்காமல் மண்டிக் குடோனில் போட்டுவைப்பார்கள். வாடகை கிடையாது. விலை ஏறும்போது அதே மண்டிக்காரருக்கு அன்றைய விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். விதைக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

எழுத்து ஒன்றும் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் மூட்டை வாயில் ஒரு துணி கட்டும். யாருக்கு என்ன துணி என்பது மண்டிக்கே மனப்பாடம். கன்னியம்மாள் தன் புடவையின் பச்சைக் கரையைக் கிழித்துக் கட்டுவாள்.

காவாந்தண்டலத்தில் அவளுக்கு ஒன்றேகால் ஏக்கர். புருஷன் பட்டணத்தில் மூட்டை தூக்கப் போயிருந்தார், மாதம் ஒரு தடவை வருவார். உழவு, நடவு, களை, அறுப்பு எல்லாம் அவள் பொறுப்பு. நாற்பது வயதிருக்கும். வாய் கொஞ்சம் நீளம். ஆள் சுத்தம்.

மாசி மாதம் வண்டியில் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கியபோது என்னைக் கேட்டாள்.

“சார், பேங்கு பூட்டு போட்டுக்கீறாங்களே, என் மூட்டைக்கு ஒண்ணும் ஆவாதே?”

நான் சாவிக்கொத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“எலி கூட நுழையாது, போ. உன் வூட்ட விட இங்கதான் பத்திரம்” என்றேன்.

அவள் சிரித்துவிட்டுப் போனாள். பதினெட்டு மூட்டை. கிழக்குச் சுவர் ஓரமாகத் தனி அட்டி. மாதாமாதம் நான் எண்ணப் போகும்போது பாய் அதைக் காட்டி, “அது குடியானவங்களுது சார், நம்ம கணக்குல சேக்காதீங்க” என்பார். நானும் சேர்த்ததில்லை. சட்டப்படி பார்த்தால் பூட்டிய குடோனில் பிறத்தியார் மூட்டை இருக்கவே கூடாது. ஏஜெண்டுக்கும் தெரியும். ஊர் வழக்கம் என்று விட்டுவிட்டார்.

ஐந்தரை பஸ்

ஆனி மாதம் சர்க்குலர் வந்தது. மார்ஜின் ஒரே தாவாகத் தாவியிருந்தது.

இதன் அர்த்தம் இதுதான். பாய் வாங்கிய கடனுக்கு உள்ளே இருக்கும் நெல் போதாது. ஒன்று, பணத்தைக் கட்ட வேண்டும். இல்லை, இன்னும் மூட்டை கொண்டுவந்து உள்ளே போட வேண்டும். பாய் அலைந்து திரிந்து கொஞ்சம் பணம் கட்டினார். சம்சாரத்தின் வளையல் போனதாகப் பின்னால் தெரிந்தது. அப்படியும் இருபது மூட்டை அளவுக்குத் துண்டு விழுந்தது.

மாதக் கடைசி. நான் எண்ணப் போனபோதே மணி நாலரை. தகரக் கூரைக்குக் கீழே அடுப்பங்கரை வெப்பம். நெல் சுணை சட்டைக்குள் போய் முதுகெல்லாம் அரிப்பு. ஐந்தரைக்குக் காஞ்சிபுரம் பஸ். அதை விட்டால் அடுத்தது ஏழே காலுக்கு, அதுவும் வந்தால்தான்.

துண்டு விழுந்ததை விழுந்தபடி எழுதினால் மேலிடத்துக்கு அறிக்கை, அதற்கு மூன்று நகல், ஏஜெண்டின் அழுகை, ராத்திரி எட்டு மணி. அடுத்த மாதம் சர்க்குலர் எப்படியும் மாறும், பாய் எப்படியும் சமாளித்துவிடுவார் என்று மனசு கணக்குப் போட்டது. என் சோதனைக் காலம் முடிய இன்னும் ஐந்து வாரம். அதுவும் உள்ளுக்குள் ஓடியது, மறைப்பானேன்.

கிழக்குச் சுவர் பக்கம் போனேன். மற்ற குடியானவர்கள் எடுத்தும் விற்றும் போக, அங்கே ஒரு அட்டிதான் மிச்சம். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன்.

“சார்... அது கன்னிம்மா மூட்டை” என்றார் பாய்.

“தெரியும் பாய்.”

“பச்சத் துணி கட்டிக்கீது பாருங்க.”

“தெரியும்றேன் இல்ல? ஒரே ஒரு மாசம். அடுத்த மாசம் எடுத்துடலாம். கையெழுத்துப் போடுங்க, பஸ்ஸு போயிடும்.”

பாய் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடன் வாங்கியவர் எந்தத் தைரியத்தில் வாதாடுவார்? போட்டார். கொஞ்சம் பாக்கி இருந்ததையும் நான் அப்படி இப்படி எழுதிச் சரிக்கட்டினேன். எனக்கு பஸ் கிடைத்தது. ஜன்னல் ஓர சீட்டும் கிடைத்தது. காற்று வாங்கிக்கொண்டு போனேன் என்று சொல்லிக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதம் சர்க்குலர் மாறத்தான் செய்தது. இன்னும் இறுக்கமாக. புது மார்ஜினுக்குக் கணக்கைக் கொண்டுவராத எந்தக் குடோனிலிருந்தும் ஒரு மூட்டை வெளியே போகக் கூடாது. ஊரில் இருந்த மண்டிகள் எல்லாம் ஒரே நாளில் பூட்டிக்கொண்டன. ரிஜிஸ்டரில் இருப்பதெல்லாம் வங்கியின் அடமானம். கன்னியம்மாளின் பதினெட்டும் ரிஜிஸ்டரில் இருந்தது.

பூட்டு உடையவில்லை

இப்போது அந்த ஆவணிக் காலைக்கு வருகிறேன்.

கல்லை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். பூட்டில் நாலு கீறல், அவ்வளவுதான். நல்ல கனமான பூட்டு.

“சட்டம்மா, சட்டம். நான் இன்னா பண்ண முடியும்?” என்றேன்.

“இன்னா சட்டம்? நான் உங்கிட்ட கடன் வாங்குனனா? ஒத்த ரூபா வாங்குனனா சொல்லு! பாய் வாங்குனாரு, பாய் நெல்ல வெச்சிக்க. என் நெல்ல இன்னாத்துக்குப் பூட்டற? ஆனி ஆடி பூரா மழைக்குக் காத்துக்கினு இருந்தேன். நேத்து மழ பேஞ்சிடுச்சி. எல்லாரும் வெதைக்கிறாங்க. உன் வூட்டு அடுப்புல பூன தூங்க! நீ நல்லா இருப்பியாடா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. இத்தனை பேர் முன்னால் ‘டா’ போட்டுவிட்டாளே என்றுதான் அந்த நிமிஷம் பட்டது. அவளுக்கு என்ன போகிறது என்று படவில்லை.

பாய் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். “கன்னிம்மா, எங்கயாச்சும் கேட்டு வெதை நெல்லாவது வாங்கித் தர்றேன்மா” என்றார்.

“வெதை மட்டும் இருந்தா? உழவுக் கூலி எவன் குடுப்பான்? நடவு ஆளுக்கு எவன் குடுப்பான்? உரத்துக்கு? எல்லாம் அந்தப் பதினெட்டுல கீது பாய்!”

 பாயின் முதல் முழுக்க அதே பூட்டுக்குப் பின்னால் இருந்தது. யாரிடம் போய்க் கைமாற்று கேட்பது? கேட்கக்கூடிய ஒவ்வொருவரின் குடோன் சாவியும் என் வளையத்தில்தான் தொங்கியது.

ஏஜெண்ட் அறையில்

கன்னியம்மாளும் பாயும் வங்கிக்கு வந்தார்கள். ஏஜெண்ட் ரிஜிஸ்டரைத் திறந்து பாயின் பக்கம் திருப்பினார்.

“பாய், இது உங்க கையெழுத்துதானே? உள்ள இருக்கற மூட்டை மொத்தமும் என்னுதுன்னு போட்டிருக்கீங்க. இப்போ இந்த அம்மாவோடதுன்னா நான் எதை நம்பறது?”

பாய் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். அவர் சொல்லியிருக்கலாம். ‘உங்க ஆளுதான் சார் சேத்தாரு’ என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. சொன்னால் அவர் கணக்கும் பொய்க் கணக்கு என்றாகும், கேஸ் ஆகும். அதுவும் காரணம். என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்ததும் காரணம் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அவர்கள் போன பிறகு நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஸ்ஸைத் தவிர. பஸ்ஸுக்காக என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏஜெண்ட் கண்ணாடியைக் கழற்றி வேஷ்டித் தலைப்பில் துடைத்தார்.

“எழுதிக் குடுக்கறியா?”

“குடுக்கறேன் சார்.”

“குடுத்தா உனக்கு வேலை போயிடும். எனக்கு மெமோ. பாய் மேல போலீஸ். அந்தப் பொம்பளைக்கு மூட்டை கிடைக்குமா? விசாரணை முடியற வரைக்கும் கிடைக்காது.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பொறு வேலாயுதம். எப்பவும் மாறுது, இப்பவும் மாறும். மழை பேஞ்சிருக்கு இல்ல? பம்பாயில தளர்த்திடுவாங்க. பதினஞ்சு நாள் பொறு.”

அவர் சொன்னதில் தப்பில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. கேஸ் நடந்தால் மூட்டை ஒரு வருஷம் வெளியே வராது என்பது உண்மைதான். ஆனால் நான் பொறுத்தது அதற்காகவா? பயம். வேலை போய்விடும் என்ற பயம். வேறு பெயரெல்லாம் வைக்க வேண்டாம்.

பஸ்ஸுக்குப் பொறுக்காதவன், ஒரு கையெழுத்துக்குப் பொறுக்காதவன், இதற்குப் பொறுத்தேன்.

காத்திருந்த நாட்கள்

தினமும் தபால் பையை நான்தான் பிரிப்பேன். ஒட்டுச் சீட்டைத் தேடுவேன். சர்க்கரைக்கு ஒன்று வந்தது. வேர்க்கடலைக்கு ஒன்று வந்தது. நெல்லுக்கு வரவில்லை.

கன்னியம்மாள் ஒன்றுவிட்டு ஒருநாள் வருவாள். வங்கி எதிரே கல்யாண முருங்கை மரத்தடியில் நிற்பாள். திட்டுவதை நிறுத்திவிட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் பின்பக்கக் கதவு வழியாகப் போய் வந்தேன்.

 இருக்கையில் இருப்புக் கொள்ளாமல் கழிப்பறைக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடந்தேன். ஒருநாள் மத்தியானம் சாவியை எடுத்துக்கொண்டு குடோன்வரை போனேன். திறந்துவிடுவது, பதினெட்டையும் வண்டியில் ஏற்றிவிடுவது, வருவது வரட்டும். பூட்டின் மேல் அவள் கல் பட்ட கீறல் துரு ஏறியிருந்தது. சாவியை நுழைத்தேன். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். சாவியை உருவிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஆவணி முடிந்தது. புரட்டாசியும் பாதி போனது. பஸ்ஸிலிருந்து பார்த்தால் நாற்றங்கால்கள் பச்சைப் பசேலென்று கண்ணைப் பறிக்கும். நான் மறுபக்க ஜன்னலுக்கு மாறி உட்காருவேன். அந்தப் பக்கமும் நாற்றங்கால்தான்.

ஐப்பசி பிறந்த பிறகு ஒட்டுச் சீட்டு வந்தது. விளைச்சல் நன்றாக இருக்கும் என்று தெரிகிறது, நெல்லுக்கு மார்ஜின் குறைக்கப்படுகிறது. ஒரே பத்தி. கோந்து காய்வதற்குள் ஓடிப்போய் குடோனைத் திறந்தேன். காவாந்தண்டலத்துக்கு ஆள் அனுப்பினேன்.

வண்டி வந்தது

மறுநாள் கன்னியம்மாள் வண்டியோடு வந்தாள். அவள் புருஷனும் கூட வந்திருந்தார். மெலிந்த மனுஷர், என் முகத்தைப் பார்க்கவில்லை. மூட்டைகளைத் தூக்கி வண்டியில் போடுவதிலேயே இருந்தார்.

“இப்போ வெதைக்கலாமாம்மா? நேரம் இருக்கா?” என்றேன். 

“இன்னாத்த வெதைக்கிறது? நெலத்தத்தான் போக்கியத்துக்கு வுட்டுட்டோமே” என்றாள்.

பக்கத்து நிலத்துக்காரருக்கு. மூன்று வருஷத்துக்கு. கைக்குக் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு நிலத்தை அவரிடம் பயிர் வைத்துக்கொள்ளக் கொடுத்துவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் நிலம் திரும்பும். அவள் அதே நிலத்தில் நடவுக்குக் கூலிக்குப் போயிருந்தாள். முழங்கால்வரை அந்தச் சேறு காய்ந்து கிடந்தது.

“நெல்ல இப்ப வித்தா நிலத்த மீட்டுக்கலாமே?”

“வெல இன்னான்னு பாய கேளு.”

கேட்க வேண்டாம், எனக்கே தெரியும். எல்லாக் குடோனும் ஒரே நாளில் திறந்திருந்தது. விலை விழுந்துவிட்டது.

பதினெட்டாவது மூட்டை ஏறியது. வண்டி புறப்படும் என்று பார்த்தேன். அவள் புருஷனை இரு என்று கையைக் காட்டிவிட்டு என் பக்கம் வந்தாள். கிட்டத்தில் வந்து நின்றாள்.

“சார், ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. நீ எண்ணுன அன்னிக்கி அது என் மூட்டைன்னு ஒனக்குத் தெரியுமா?”

பாய் தராசுப் பக்கம் நின்றிருந்தார். தலை நிமிரவில்லை.

“தெரியாதும்மா” என்றேன்.

“துணி கட்டியிருந்ததே?”

“இருட்டு. கவனிக்கல.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பெரிதாக மூச்சு விட்டாள். முகம் தெளிந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்தது.

“அதான் நெனச்சேன். தெரிஞ்சே பண்ணிட்டானோ, தெரிஞ்சே பண்ணிட்டானோன்னு மனசு அடிச்சிக்கினே இருந்திச்சி. தெரியாம நடந்ததுக்கு இன்னா பண்றது? நம்ம நேரம். அன்னிக்கி நாலு பேரு முன்னால உன்ன ‘டா’ போட்டுப் பேசிட்டேன். சாபம் வேற வுட்டுட்டேன். உன்னப் பெத்தவங்க கேட்டிருந்தா வயிறு எரிஞ்சிருக்கும். மனசுல வெச்சிக்காத சார். என்ன மன்னிச்சிடு.”

கும்பிட்டாள். விரலில் கல் நசுக்கிய இடத்தில் நகம் கறுத்திருந்தது.

பரவாயில்லை, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.